மனுதாரர் காலமானார்

"சார், எங்க ஊரு பாலம் எங்க இருக்குது?" என்று பூஜா ஒருநாள் என்னைக் கேட்டாள். நான்காம் வகுப்புக் குழந்தை. வீட்டு வரி கட்ட அம்மா மங்கம்மாளுடன் எங்கள் ஊராட்சி அலுவலகத்துக்கு வந்தவள், சுவரில் இருந்த 'முடிந்த பணிகள்' பலகையில் ஓடைப் பாலம் என்றிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டாள். குழந்தைகள் படிப்பது நல்ல விஷயம். அவளுக்கு ஒரு கடலை மிட்டாய் கொடுத்தேன்.

ஐயா, விசாரிக்க வந்த உங்களிடம் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. ஓடையில் பாலம் கிடையாது. மழைக்காலத்தில் அந்தக் குழந்தை புத்தகப்பையைத் தலையில் வைத்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கித்தான் பள்ளிக்கு வரவேண்டும். அவளுக்காக நான் பலமுறை சாமி கும்பிட்டிருக்கிறேன்.

மங்கம்மாள் தகவல் உரிமைச் சட்டப்படி மனு போட்டார். பாலம் எங்கே, யார் கட்டியது, எப்போது. எழுதத் தெரியாமல் தடுமாறியவருக்கு நான்தான் எழுதிக் கொடுத்தேன். மனுவுக்கான கோர்ட் ஃபீ ஸ்டாம்பையும் நானே ஒட்டினேன். ஊராட்சிச் செயலாளர் என்ற முறையில் பதில் எழுத வேண்டியவனும் நானே என்பதால், கேள்விகளைச் சற்று எளிமையாகவே வைத்தேன்.

உண்மையை எழுதினால் பாலத்துக் காண்ட்ராக்டர் சுப்பிரமணியின் மனம் நோகும். பொய் எழுத என் மனம் ஒப்பவில்லை. ஆகவே ஒரு வெள்ளைத்தாளை உறையில் போட்டு, பதிவுத் தபாலில் அனுப்பினேன். புளி உலுக்கும் நாட்கள் அவை; எங்கள் மலைக் கிராமத்தில் எல்லாரும் மரத்தடியில்தான் இருப்பார்கள், எந்த வீட்டிலும் ஆள் இருக்காது. அதனால்தான் அந்த நாட்களில் அனுப்பினேன்.

'ஆள் இல்லை' என்று உறை திரும்பி வந்தது. மனுவை முடிக்க ஒரு காரணம் வேண்டும். 'வாங்க மறுத்தார்' என்று எழுதினால் ஓர் ஏழைப் பெண்மேல் பழி விழும். 'மனுதாரர் காலமானார்' என்றால் யார்மேலும் பழியில்லை. எழுதிவிட்டு, மரியாதைக்காக ஒரு நிமிடம் எழுந்து நின்றேன். இறந்தவர் பெயரில் அரிசி வாங்குவது பாவம் அல்லவா, ரேஷன் கடைக்கும் ஒரு தகவல் அனுப்பினேன்.

கொஞ்ச நாளில் மங்கம்மாள் வந்து நின்றார்.

"இன்னா சார், நான் செத்துட்டேன்னு அரிசி இல்லன்றாங்க?"

"உட்காருங்கம்மா. ஒரு டீ சாப்பிடுங்க."

"செத்தவளுக்கு எதுக்கு சார் டீ? எலை போட்டு படையல் வைங்க."

அந்த வேதனையிலும் அவர் பேசிய விதம் என்னை நெகிழவைத்தது. தான் செத்ததற்கு ஆதாரம் கேட்டு அங்கேயே இன்னொரு மனு நீட்டினார். இறந்தவர்கள் மனு செய்ய வழியில்லை என்று இரண்டு கைகளாலும் திருப்பிக் கொடுத்தேன்.

"அப்ப எங்க வூட்டுல சோறு ஆக்குறது யாரு சார்? பேயா?"

"பயப்படாதீங்கம்மா, சாமி இருக்கு" என்றேன்.

இல்லாத பாலத்தைக் கட்டியதாக எழுதியதும் நான்தான் ஐயா. அந்தப் பணத்தில் சுப்பிரமணியின் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. முருகன் கோயிலுக்கு இரும்புக் கதவு வந்தது. என் வீட்டுக்கு மாடி வந்தது. எல்லாமே நல்ல காரியங்கள்.

இருந்தும் அந்தக் குழந்தையின் கேள்வி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. பாலம் எங்கே என்று கேட்டவளுக்கு மிட்டாய் மட்டும் கொடுத்தால் போதுமா? மழைக்காலம் தொடங்கிய பின், ஊரே ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் போயிருந்த ஒரு நாளில், தைல மரக் கட்டைகளை நானே சுமந்துபோய் ஓடைக்குக் குறுக்கே போட்டு, கயிற்றால் இறுகக் கட்டினேன். யாரும் பார்க்கவில்லை. பார்க்க வைத்துச் செய்வது தர்மம் ஆகாது. மறுநாள் பூஜா பாவாடை நனையாமல் பள்ளிக்கு வந்தாள் என்று கேள்விப்பட்டபோது, என் கடன் தீர்ந்தது என்று கற்பூரம் ஏற்றினேன்.

கட்டையின் ஓரத்தில் ஒரு தகரப் பலகையும் அடித்திருக்கிறேன்: 'அமரர் மங்கம்மாள் நினைவுப் பாலம்.' தன் நினைவுப் பாலத்தில் தானே நடந்து போகும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும், சொல்லுங்கள்.