மதில் விழுந்தது பற்றி ஏழாம் பிளாக் தையல்காரம்மா சொன்னது

எனக்கு வயது நாற்பத்தாறு. எங்கள் பகுதியில் தையல்காரம்மா என்றால்தான் என்னைத் தெரியும். வாரியக் குடியிருப்பு ஏழாம் பிளாக்கின் தரைத்தளத்தில், காலமான என் கணவரின் அக்காவுடன் வசிக்கிறேன். அவரை அண்ணி என்று அழைப்பேன். குற்றம் சாட்டப்பட்டுள்ள பேருந்து ஓட்டுநர் எந்நேரமும் சீட்டியடிப்பவர். விசில் டிரைவர் என்போம். எனக்கு உறவில்லை.

நகரத்துக்குள் ஆற்றோரம் இருந்த எங்களை இங்கே குடியமர்த்தினார்கள். வீடு நல்ல வீடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் பள்ளம். உள்ளே திரும்ப இடமில்லை என்று பேருந்து மெயின் ரோட்டோடு நின்றுவிடும். மழைத்தண்ணீர் ஏரிக்குப் போக பிளாக்குக்குப் பின்னால் கால்வாய் இருந்தது. மனை விற்கும் கம்பெனியார் அதன் குறுக்கே மதில் எழுப்பினார்கள். மனு கொடுத்தோம், வரைபடத்தில் கால்வாயே இல்லை என்றார்கள் அதிகாரிகள். தண்ணீருக்கு வரைபடம் படிக்கத் தெரியாது.

சம்பவத்தன்று விடாத மழை. மதியம் கட்டில் சட்டம் வரை தண்ணீர் வந்துவிட்டது. அண்ணிக்கு இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆகி, தையல் போட்ட இடத்தில் சீழ் பிடித்து, காய்ச்சல் கொதித்தது. மேல்மாடியில் இடம் கொடுத்தார்கள். ஆனால் ஆஸ்பத்திரிக்குத்தான் போயாக வேண்டும். ஆம்புலன்ஸ் வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு நான் தண்ணீரில் நடந்து மெயின் ரோட்டுக்குப் போய், நின்றிருந்த பேருந்தில் விஷயத்தைச் சொன்னேன். கண்டக்டர், "உள்ள போனா வேலை போயிடும்ணே" என்றார். டிரைவர் சீட்டியை நிறுத்தினார். "வேலைதானே, போனா வேற பாத்துக்கலாம். ஏறும்மா" என்றார்.

அதன் பிறகு பேருந்து எங்கள் பிளாக் வரை வந்தது. நான் துணி வெட்டும் மேசையின் பலகையைக் கழற்றி, அண்ணியை அதில் படுக்கவைத்து டிரைவரும் கண்டக்டரும் தூக்கினார்கள். "மெதுவாத் தூக்குங்கப்பா, நான் இன்னும் சாகல" என்றார் அண்ணி. அண்டை வீட்டு முதியவர்களும் கைக்குழந்தைக்காரிகளும் ஏறினார்கள்.

அதன் பிறகு டிரைவர் வண்டியைத் திருப்பப் பார்த்தார். முடியவில்லை. பாதி திரும்பியதும் பின்னால் அந்த மதில் தடுத்தது. தண்ணீர் பேருந்தின் படியைத் தொட்டுவிட்டது. இன்ஜின் நின்றால் எல்லோரும் மாட்டிக்கொள்வோம். கண்டக்டரை மதில்மேல் ஏறிப் பார்க்கச் சொல்லி, அந்தப் பக்கம் ஆளில்லை என்று உறுதி செய்துகொண்டார். "இது இருக்கிற வரைக்கும் பஸ்ஸும் திரும்பாது, தண்ணியும் போகாது" என்று என்னைப் பார்த்தார். "இடிங்கண்ணே" என்றேன். இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

அவர் மெதுவாகப் பின்னால் எடுத்தார். மதில் விழுந்தது, பேருந்தின் பின்கண்ணாடி உடைந்தது, தண்ணீர் பழைய வழியிலேயே ஓடியது. குடித்திருந்தார் என்று புகாரில் இருப்பதாக அறிகிறேன். பக்கத்திலேயே நின்றேன், நனைந்த சட்டை வாசனையும் டீசல் வாசனையும் தவிர வேறெதுவும் இல்லை. ஆஸ்பத்திரியில், ஒரு நாள் தாமதித்திருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார்கள். மாலைக்குள் தரைத்தள வீடுகளில் தண்ணீர் வடிந்தது. இப்போது அதிகாரிகளே வந்து கால்வாயை அளந்து கல் நட்டிருக்கிறார்கள்.

டிரைவர் பணியிடை நீக்கத்தில் இருக்கிறார். போன வாரம் அண்ணியை நலம் விசாரிக்க வந்தார். யாருக்காகவும் எழுந்திருக்காத அண்ணி, வாக்கரைப் பிடித்து எழுந்து நின்றார். "உக்காருங்கம்மா, வலிக்கும்" என்றார் அவர். "வலிச்சா வலிக்கட்டும்பா" என்று, அவர் போகும்வரை நின்றுகொண்டே பேசினார்.

மதிலை இடித்தது குற்றமானால், அதில் என் பங்கையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். நான் கண்டதும் சொன்னதும் இவையே, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அனைத்தும் உண்மை.

(கையொப்பம்)