ஐந்து மூலைச் சதுரம்

– அக்கா, நீங்க குரோஷால பின்னின சதுரத்தைப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கு. சத்தியமா.

– ஏன்டி, அஞ்சு மூலை இருக்கறதாலயா?

– அஞ்சா? எனக்கு நாலுதான் தெரியுது. அந்த அஞ்சாவது லேசா ஒரு சுருக்கம். இஸ்திரி போட்டா படிஞ்சுடும்.

– நல்லா எண்ணிப் பாரு சின்னவளே. எங்க திரும்பணும், எங்க நிறுத்தணும்னே தெரியாம போட்டுட்டேன். வெள்ளந்தியா வளந்தவ நான். உன்னோடதுதான் அடடா, என்ன நேர்த்தி!

– இதா? இது தொப்பி மாதிரி குவிஞ்சு நிக்குது அக்கா. மேசைல வச்சா ஆடுது.

– ஆடட்டுமே. எவ்வளவு இறுக்கமா போட்டிருக்கே! அழுத்தமான கை. அத்தைக்கு அழுத்தமான கைதான் பிடிக்கும்.

– ஐயோ, அதை அவங்க காதுல போட்டுடாதீங்க.

– போடுவேன். மாத்திரை வாங்கப் போனவங்க வரட்டும், வாசல்லயே சொல்றேன். "அத்தை, சின்னவதான் ஜெயிச்சா, பெட்டியைக் கட்டுங்க"ன்னு.

– மனசாட்சியோட பேசுங்க அக்கா. ஓனர் அத்தையை இந்த வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாரு. எந்த மருமக ஒழுங்கா ஒரு கலர் சதுரம் போடறாளோ, அவ வீட்டுலதான் இனிமே இருப்பேன்னு அத்தை சொன்னப்ப, முதல்ல கை தட்டினது யாரு? நீங்கதானே?

– மரியாதைக்குத் தட்டினேன்டி. என் வீட்டுல இடம் எங்க இருக்கு? உன் வீட்டுலதான் ஒரு ரூம் சும்மா கிடக்கு.

– சும்மாவா? அதுல டிரெட்மில் இருக்கு.

– துணி காயப்போடற டிரெட்மில்தானே?

– துணியும் எங்கயாவது காயணும் இல்ல? மூத்தவங்க நீங்க. மூத்த மகன் வீட்டுல இருந்தாத்தான் அத்தைக்குக் கௌரவம்.

– அந்தக் கௌரவத்தை நீயே வச்சுக்க. போன வருஷம் வந்தாங்களே, நான் மடிச்சு வச்ச துணியை எல்லாம் பிரிச்சு, திரும்ப மடிச்சு வச்சாங்க. ஒரு வார்த்தை பேசல. அலமாரி முழுக்க மடிச்சாங்க. அந்தத் திட்டு இன்னும் என் காதுல கேக்குது.

– என் வீட்டுல ஃபிரிட்ஜைத் திறந்து பாத்துட்டு "ம்"னாங்க. வெறும் "ம்". அதுக்கு நான் ரெண்டு நாள் உக்காந்து தேய்ச்சேன்.

– பாத்தியா, அவங்களால உனக்குத்தான் பிரயோஜனம்.

– நாக்குல தேனைத் தடவிட்டு வந்திருக்கீங்க. சரி, நிஜத்தைச் சொல்லுங்க. உங்களுக்கு மூலை திருப்பவே தெரியாதா?

– இந்தக் குரோஷா ஊசி சரியில்லடி.

– ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

– அதையேதான் அத்தைகிட்டயும் சொல்லு, பெரியவளுக்கு ஆடத் தெரியாதுன்னு. மூணு போட்டு, ஒரு சங்கிலி விட்டு, அதே ஓட்டைல இன்னொரு மூணு போட்டா மூலை வந்துடும்னாங்க. யாருக்குப் புரியுது இதெல்லாம்?

– புரியாமலே இவ்வளவு தெளிவா சொல்றீங்களே!

– வாய்க்கு வருது, கைக்கு வரல. உன் கதை என்ன? கல்யாணம் பேசறப்ப உங்கம்மா எங்க எல்லாரையும் உக்கார வச்சுக் காட்டினாங்களே, குரோஷால டீவிக்கு உறை, மிக்சிக்கு உறை. எல்லாம் என் பொண்ணு கைவேலைன்னு.

– அது கடைல வாங்கினது அக்கா. சத்தியமா.

– உன் சத்தியம் தண்ணி பட்ட பாடா இருக்கு.

– உங்க கலரை விடவா? ஊதாவுக்குப் பக்கத்துல கிளிப்பச்சை, அதைச் சுத்தி ஆரஞ்சு. கண்ணுல மிளகாய்ப்பொடி தூவின மாதிரி எரியுது.

– எவ்வளவு கஷ்டப்பட்டுத் தேடினேன் தெரியுமா!

– மாட்டினீங்களா!

– சரிடி, சரி. எந்திரிச்சு அந்தக் கதவைச் சாத்து. மனசு விட்டுப் பேசுவோம். ரெண்டு பேருமே தோத்துட்டா என்ன ஆகும்?

– அத்தை பெத்த பொண்ணு எதுக்கு இருக்கா? நம்ம நாத்தனார் வீட்டுக்குப் போகட்டும்.

– அவளை அவங்க சதுரம் போடச் சொல்லவே இல்லையே.

– மருமகளுங்க ரெண்டும் லாயக்கில்லன்னா அங்கதானே போகணும்? வேற எங்க போக்கிடம்?

– பாவமா இருக்குடி. தனியா கிடந்து பழகினவங்க.

– எனக்கும் பாவமாத்தான் இருக்கு. பாவமா இருக்கறது வேற அக்கா, கூட இருக்கறது வேற.

– ஷ்ஷ். செருப்புச் சத்தம். கதவைத் திற.

– என்ன பெரியவளே, பட்டப்பகல்ல கதவெல்லாம் சாத்தியிருக்கு?

– காத்து அத்தை. நூல் பறக்குது.

– சரி, அது கிடக்கட்டும். வேலையைக் காட்டுங்க. இந்தக் கிண்ணம் யாரோடது?

– என்னோடது அத்தை. ரொம்ப முயற்சி பண்ணேன்.

– அது தெரியுது. சுத்துக்குச் சுத்து சொல்லி வச்ச மாதிரி கண்ணியைக் குறைச்சிருக்கே. எண்ணாம இப்படிக் குறைக்க முடியாது சின்னவளே. பெரியவளே, இது உன்னோடதா? முதல் சுத்துலயே அஞ்சு மூலை. கடைசி வரைக்கும் அஞ்சு. ஒவ்வொரு மூலையும் எவ்வளவு கூர்! நாலு போடத் தெரியாதவளுக்கு அஞ்சு இவ்வளவு அழகா வராது.

– அது தானா அமைஞ்சது அத்தை.

– தெரியாம பண்ற தப்பு ஒரு தடவை அங்க வரும், ஒரு தடவை இங்க வரும். இது அப்படி வரல. சரி, கிடக்கட்டும். எனக்குக் கோவம் இல்ல. வலிச்சுது, அவ்வளவுதான்.

– அத்தை, நாங்க வேணும்னு...

– விடு. இந்தா, இந்தப் பையில ஒண்ணு இருக்கு. இது எப்படி இருக்குன்னு சொல்லு.

– இன்னொரு சதுரமா! யார் போட்டது அத்தை?

– எப்படி இருக்குன்னு கேட்டேன் சின்னவளே.

– பிரமாதம் அத்தை! நடுவுல மஞ்சள், அப்புறம் நீலம், அப்புறம் ரோஸ். கண்ணுக்கு என்ன குளிர்ச்சி! அக்கா, பாருங்களேன்.

– ஆமாமா. நாலே நாலு மூலை!

– நல்லாப் பாருங்க. ஒரு மூலை இறுகியிருக்கு. ஓரத்துல ஒரு இடம் விட்டுப்போயிருக்கு.

– அதெல்லாம் ஒரு குறையா அத்தை? போடப் போட வந்துடும். போட்டவங்க மனசு தெரியுதே, அது போதாதா?

– அப்ப இதைப் போட்டவங்க கூட நான் போய் இருக்கலாம்கிறே.

– தாராளமா! சொன்ன வார்த்தைன்னா வார்த்தைதானே அத்தை?

– பெரியவளே, நீ?

– மனசைக் கல்லாக்கிக்கிட்டுச் சொல்றேன் அத்தை. போயிட்டு வாங்க. உங்க மேல பாசம் உள்ள இடத்துலதான் நீங்க இருக்கணும்.

– நாளைக்கு என் பிள்ளைங்க ரெண்டு பேரும் கூடாதுன்னு குதிச்சா?

– உங்க பெரிய பிள்ளை வாயே திறக்க மாட்டாரு. அதை நான் பாத்துக்கறேன்.

– சின்னவரை நான் பாத்துக்கறேன். சத்தியமா அத்தை.

– ரெண்டு பேரும் பாத்துக்குவீங்க. மனசு நிறைஞ்சுது.

– ஆனா ஒண்ணு அத்தை, நாத்தனார் இதை எப்பக் கத்துக்கிட்டாங்க? சட்டைப் பட்டன் தைக்கவே ஆள் தேடுவாங்களே.

– என் பொண்ணா? அவ மூணாவது மாடி. ஏறி இறங்க எனக்கு மூச்சு வாங்கும். அவளை நான் கேக்கவே இல்ல.

– பின்ன இது யாரு?

– நூல்கடைக்காரர்.

– எந்த நூல்... அத்தை, பஸ் ஸ்டாப் பக்கத்துல, கண்ணாடியை மூக்கு நுனில மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பாரே, அவரா?

– அவரேதான் பெரியவளே. பொண்டாட்டி போனதுல இருந்து தனியாத்தான் இருக்காரு. இத்தனை வருஷமா நூல் வித்தவருக்கு ஊசி பிடிக்கத் தெரியாது. உங்களுக்காக நூல் வாங்கப் போனப்ப இந்தப் போட்டியைப் பத்திச் சொன்னேன். "அந்தப் பரீட்சையை எனக்கும் வைங்களேன்"னாரு. விளையாட்டுக்குத்தான் சரின்னேன். மனுஷன் நிஜமாவே உக்காந்துட்டாரு. தொட்டுப் பாரு, நூல் நைஞ்சு போய்ப் பஞ்சு பஞ்சா இருக்கா? அத்தனை தடவை பிரிச்சுப் பிரிச்சுப் போட்டிருக்காரு. உங்க ரெண்டு பேர் நூலும் கடைல வாங்கின பளபளப்பு இன்னும் போகல.

– அத்தை, அதுக்காக... ஒரு ஆம்பளை வீட்டுக்கு, என்ன உறவுன்னு சொல்லிப் போய் இருப்பீங்க? நாலு பேர் கேட்டா நாங்க என்ன சொல்றது?

– அதையேதான் நானும் அவர்கிட்ட கேட்டேன் சின்னவளே. வர்ற வெள்ளிக்கிழமை பதிவு ஆபீஸ்ல நேரம் வாங்கிட்டாரு. பொண்ணு பக்கத்துக்கு ரெண்டு சாட்சி வேணுமாம். பாத்துக்கறேன்னு சொன்னவங்க நீங்கதானே, காலைலயே வந்து கையெழுத்தையும் போட்டுடுங்க.