தொண்ணூத்தெட்டு மார்க்

இல்லைங்க தம்பி, அந்தக் கதவைத் தட்டிப் பிரயோஜனம் இல்ல. உள்பக்கம் கைப்பிடியே கிடையாது பாருங்க. வெளிய இருக்கிறவங்க மனசு வச்சுத் திறந்தாத்தான் உண்டு. உட்காருங்க. டோக்கன் நம்பர் சொல்லிக் கூப்பிடுவாங்க. உங்களுது பதினேழா? எனக்குப் பதினாறு. அப்ப எனக்கு அடுத்து நீங்கதான்.

எப்படித் தெரியும்னா, இந்த ரூமுக்கு நான் வர்றது இது அஞ்சாவது தடவை. பிளேன் ஏற வந்தாலே இங்க வந்து உட்கார்ந்துட்டுத்தான் போறேன். இந்த பெஞ்சுல எந்தக் கால் ஆடும்னுகூட எனக்குத் தெரியும். நீங்க இந்தப் பக்கம் தள்ளிக்கங்க, அது ஆடாது.

பிளேன் நாலே முக்காலுக்கா? இன்னும் மூணு ஆகல, பதறாதீங்க. உள்ள வரும்போது அந்த செக்யூரிட்டிப் பையன்கிட்ட கெஞ்சிக்கிட்டு இருந்தீங்களே, காதுல விழுந்துச்சு. அப்பாவுக்கு நாளைக்குக் காலையில ஆபரேஷனா? கையெழுத்துப் போட நீங்கதான் போகணுமா? வேற யாரும் இல்லையா... ஐயோ பாவமே.

தம்பி, சிரமம் இல்லைன்னா அந்த மூலையில கேன் இருக்கு பாருங்க, ஒரு கப் தண்ணி பிடிச்சுத் தர்றீங்களா? மெதுவா, மெதுவா. அவசரமே இல்ல. நன்றிப்பா, நல்லா இருங்க.

என்ன வேலை பார்க்கிறீங்க? லிஃப்ட் மெக்கானிக்கா. அடேயப்பா, அதுவும் மாட்டிக்கிட்டவங்களை வெளிய எடுக்கிற வேலைதான். என்ன, உங்களையும் இது மூணாவது தடவையா பிடிக்கிறாங்களா? இந்த வருஷத்துலயேவா? கம்பெனியில வெளியூர் வேலைக்கே அனுப்புறதில்லையா... ம்.

நானா? நான் பரீட்சை வைக்கிறவ. பள்ளிக்கூடத்துல இல்லைங்க, மெஷினுக்கு. சிரிக்காதீங்க, நிஜமாத்தான். நாட்டுப் பாதுகாப்புக்குன்னு யோசிக்கிற மெஷினெல்லாம் வாங்குறாங்க இல்ல, அது ஒழுங்கா யோசிக்குதா, இல்ல சும்மா பாவ்லா காட்டுதான்னு சோதிச்சுப் பார்த்துச் சொல்ற ஆபீஸ். ஆறு பேர். நான் தலைமை. என் கையெழுத்து இல்லாம ஒண்ணும் வெளிய போகாது. உங்ககிட்ட இதைச் சொல்றதே தப்பு. சொல்ல மாட்டேன்னு எழுதிக் குடுத்திருக்கேன். மேல பாருங்க, கேமரா. பார்த்தாச்சா? சரி, விடுங்க. தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன.

வெளிய அந்த நீளமான நடைபாதை வழியா வந்தீங்க இல்ல, அங்க சும்மாவா நடக்க விடுறாங்க? மூஞ்சியை மாத்தலாம், பேரை மாத்தலாம், நடையை மாத்த முடியாதாம். நடையை வச்சே இவன் ஆகாத ஆளுன்னு கண்டுபிடிக்கிற மெஷின் அது. எங்ககிட்டதான் பரீட்சைக்கு வந்துச்சு.

பரீட்சைக்கு ஆகாத ஆளு வேணும். நிஜமான ஆளுங்களோட வீடியோவைக் கையில குடுக்க மாட்டாங்க. அதனால எங்க வழக்கம், நாங்களே நடிப்போம். அஞ்சு பேரும் நல்லவங்களா நடக்கிறேன்னுட்டாங்க. வில்லன் வேஷம் கட்ட ஒருத்தருக்கும் மனசில்ல. போங்கடா, நானே போடறேன்னுட்டு நான் நடந்தேன். கோட்டு போட்டு ஒரு தடவை, பெட்டி இழுத்து ஒரு தடவை, குடை பிடிச்சு ஒரு தடவைன்னு நாற்பத்திரண்டு தடவை. ஆபீசே விழுந்து விழுந்து சிரிச்சுது. நானும்தான் சிரிச்சேன்.

ரிசல்ட் வந்துச்சு. நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு. என்னோட நாற்பத்திரண்டையும் ஒண்ணு விடாம பிடிச்சிருச்சு. எனக்கு உறுத்துச்சு தம்பி. இருபத்தஞ்சு வருஷமா பரீட்சை வைக்கிறேன், முதல் தடவையே எந்தப் புள்ளையும் அவ்வளவு எடுத்ததில்ல. இன்னும் ரெண்டு வாரம் குடுங்கன்னு எனக்கு மேல இருக்கிற பெரியவரைக் கேட்டேன். மேலிடத்துல காத்துக்கிட்டு இருக்காங்க, மார்க் நல்லா வந்ததுக்கா அழறீங்கன்னு கேட்டார். கையெழுத்துப் போட்டேன்.

ஒன்பதாம் நாள், எங்க டீம்ல ஒரு பொண்ணு, வாயே திறக்காது, என் மேசை முன்னாடி வந்து நின்னு அழுதுச்சு. என்னாச்சுன்னா, பரீட்சைக்குன்னு பூட்டி வச்சிருந்த என் வீடியோ அத்தனையும், மெஷினுக்குப் பாடம் சொல்லிக் குடுக்க அனுப்பினதோட கலந்து போயிருக்கு. புரியுதா? கேள்வித்தாளையே பாடப் புத்தகத்துல வச்சுத் தச்ச மாதிரி. அது கெட்டவனைக் கண்டுபிடிக்கக் கத்துக்கல. என்னை மனப்பாடம் பண்ணியிருக்கு. எங்க தொழில்ல இதைவிடப் பெரிய தப்பு கிடையாது. யானை தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்ட கதை.

பெரியவர்கிட்ட ஓடினேன். கதவைச் சாத்திட்டு நிதானமாப் பேசினார். எல்லா வாசல்லயும் மாட்டியாச்சு. இப்ப வெளிய சொன்னா நாட்டு வாசலே திறந்து கிடக்குன்னு எதிரிக்குச் சொல்ற மாதிரி. கையெழுத்து உங்களுது, ஞாபகம் வச்சுக்கங்கன்னார். அந்தப் பொண்ணை மறுவாரமே வேற பிரிவுக்கு மாத்திட்டாங்க. வீட்டுக்காரர்கிட்ட சொன்னா, ரிட்டையர் ஆக இன்னும் பதினாலு மாசம், வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்கிறார். புலி வாலைப் பிடிச்ச கதைதான். ஏழு மாசமா எனக்குத் தூக்கமே இல்ல.

அதனாலதான் என்னைப் பிடிக்குது, ஆமா. ஆனா என் பையில ஒரு கார்டு இருக்கு. அதை நீட்டினா அஞ்சு நிமிஷத்துல சல்யூட் அடிச்சு அனுப்பிடுவாங்க. நாலு தடவையும் நீட்டிட்டுப் போயிட்டே இருந்தேன். இன்னைக்குப் போக வேண்டிய இடம் தெரியுமா? வேற நாட்டுக்காரங்களும் இதை வாங்கப் போறாங்களாம். தொண்ணூத்தெட்டு மார்க்கைப் பத்தி நான் போய் மேடையில பேசணும்.

கார்டை நீட்டலாம்னு பையைத் திறந்தேன். அப்பதான் நீங்க உள்ள வந்தீங்க. அந்தக் கால் எப்படி ஆச்சு தம்பி? வேலையில விழுந்ததா? இடது இடுப்பா... ம். எனக்குத் தாகமே இல்ல. நீங்க நடக்கிறதை இன்னொரு தடவை சரியாப் பார்க்கத்தான் தண்ணி கேட்டேன். என்னை மன்னிச்சிருங்க.

போன தடவை இதே பெஞ்சுல ஒரு டீச்சரம்மா இருந்தாங்க. அவங்களும் உங்களை மாதிரியேதான் நடந்தாங்க. பார்த்தேன், புரிஞ்சுது, கார்டை நீட்டிட்டுப் போயிட்டேன். அவங்க எங்க போக வேண்டியிருந்துச்சோ, போனாங்களோ இல்லையோ, நான் கேட்கக்கூட இல்ல. அந்தப் பாவம் என்னை விடல.

கோபம் வருதா? வரட்டும், நியாயம்தான். திட்டணும்னா திட்டிருங்க. எனக்கும் பயமாத்தான் இருக்கு.

இருங்க, பதினாறுன்னு கூப்பிடுறாங்க. எந்திரிங்க, நீங்களும் வாங்க. கார்டை நீட்டி, முதல்ல இவரை பிளேன் ஏத்துங்க, அப்புறம் நான் உட்கார்ந்து எல்லாத்தையும் எழுதித் தர்றேன்னு சொல்லப் போறேன். நாலே முக்காலுக்கு நேரம் இருக்கு. இந்தாங்க, என் கையைப் பிடிச்சுக்கங்க. மெதுவாவே வாங்க தம்பி, எனக்கும் இந்த இடது காலை இழுத்துக்கிட்டு வேகமா நடக்க வராது.