சிமெண்ட் குளத்துத் தவளைகள்

— அப்படியே மல்லாக்கப் பிடி. வயித்தைப் பார்க்கணும்.

— தவளையை மல்லாக்கப் போட்டு ஜாதகமா பார்க்கப் போற? சீக்கிரம்க்கா, வழுக்குது. உள்ளே பார்லர்ல ஒரு அம்மா தலை நிறைய சாயத்தோட உட்கார்ந்திருக்காங்க.

— ஊறட்டும். நீ கையை ஈரமாக்கிட்டுப் பிடிடி, அதுக்குத் தோல் காயக் கூடாது. ம்... விரல் நுனியில உருண்டை உருண்டையா இருக்கு பாரு. சுவரெல்லாம் ஏறும். மரத்தவளை.

— மரமே இல்லாத வீட்டுக்கு மரத்தவளை! எனக்கும் யோகம் அடிக்குது. நீ உன் வீட்டுல ஒரு பழைய தொட்டியை மண்ணுல புதைச்சு வெச்சுக்கிட்டு, அதுக்குப் பேரு குளம்னு சொன்னே. காலேஜ்லேருந்து ஆளுங்க வந்து போட்டோ எடுத்துட்டுப் போறாங்க. நான் சிமெண்ட் பூசி, தாமரை போட்டு, ஆசை ஆசையா கட்டினேன். ஒரு கொசு கூட எட்டிப் பார்க்கல.

— கொசு வராதது நல்லதுதானே.

— சிரிக்காதக்கா, பத்திக்கிட்டு வருது. உன்னைக் கூப்பிட்டதே, ஒரு தடவையாவது உனக்கும் வயிறு எரியட்டும்னுதான்.

— என் போன்ல இந்தப் படத்தைப் பாரு. போன மாசம் என் தொட்டியில எடுத்தது. தொடைக்குப் பின்னாடி மூணு மஞ்சள் புள்ளி, பக்கத்துல கொக்கி மாதிரி ஒரு கறுப்பு. இப்ப உன் கையில இருக்கிறதைப் பாரு.

— தவளைன்னா எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்.

— இருக்காது. ஒவ்வொண்ணுக்கும் புள்ளி வேற. நம்ம கைரேகை மாதிரி.

— சரி, நான்தான் எடுத்தேன்! போதுமா? செவ்வாய்க்கிழமை நீ கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போனப்புறம், சுவரேறிக் குதிச்சு, மாவு சல்லடையால பிடிச்சேன். கொண்டு போய் ஜெயில்ல போடு.

— ஒரு தவளைக்காகவா இவ்வளவும்?

— தவளைக்கா? என் பொண்ணு பள்ளிக்கூடம் விட்டா எங்கே வர்றா? பையை என் வாசல்ல வீசிட்டு, "பெரியம்மா வீட்டுக்குப் போறேன்"னு ஒரே ஓட்டம். உன் தொட்டிக்கிட்ட உட்கார்ந்துதான் கணக்குப் பாடம், அங்கேயே சாப்பாடு. தூக்கத்துல கூட "பெரியம்மா, அது குதிச்சிடும்"னு உளறுறா. பெத்தவ நான் ஒருத்தி இங்கே இருக்கேன்க்கா! ஒரே ஒரு தவளை இருந்தாலாவது என் பக்கம் திரும்பிப் பார்ப்பாளேன்னு...

— அழாத. கையிலேருந்து நழுவிடும்.

— நழுவட்டும்! உனக்கென்ன, எல்லாம் உன்கிட்டயே வந்து சேருது.

— அந்தத் தாமரை இலைக்கு அடியில இன்னும் ரெண்டு இருக்கு பாரு.

— ரெண்டா? சத்தியமா நான் ஒண்ணுதான்க்கா எடுத்தேன்.

— முதுகுல நடுக்கோடு போட்டது, கால் விரலுக்கு நடுவுல சவ்வு. அது தண்ணித் தவளை. பக்கத்துல உருண்டையா, வாய் மட்டும் இத்துனூண்டா இருக்கே, அதுவும் என் தொட்டியில இருந்ததுதான். ரெண்டுக்கும் என்கிட்ட படம் இருக்கு.

— அப்ப தானா தாவி வந்திருக்கும்.

— தானா வரல. ஞாயித்துக்கிழமை உன் பொண்ணு டிபன் டப்பாவுல வெச்சு எடுத்துட்டு வந்தா. நான் ஜன்னல்லேருந்து பார்த்தேன்.

— என் பொண்ணா? எதுக்கு?

— நானும் அதைத்தான் கேட்டேன். "எங்க குளத்துல தவளை வந்தா, அம்மா பார்லரை மூடிட்டு வந்து என்கூட உட்காருவா இல்ல, பெரியம்மா?"ன்னா.

— அப்படியேவா சொன்னா? ஐயோ... என்னைத்தான் தேடியிருக்காளா! நான் பாட்டுக்கு உன்மேல கண்டபடி... மன்னிச்சிடுக்கா. எங்க ரெண்டு பேரையும் சேர்த்து வைக்கணும்னு வேலையை விட்டுட்டு வந்திருக்கே. உன் மனசு யாருக்கு வரும்!

— சேர்த்து வைக்கவா வாளியோட வந்திருக்கேன்?

— பின்னே?

— சாயங்காலம் ஆனா என் கதவைத் தட்டுற ஒரே ஆளு அவதான்டி. மூணையும் வாளியில போடு, அவ பள்ளிக்கூடம் விட்டு வர்றதுக்குள்ள.