பத்து நிமிஷம் அப்படியே இருங்க

எனக்குப் பேசப் பிடிக்கும், டாக்டரம்மா. அதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை.

ஆனால் வீட்டில் என் பேச்சு எடுபடாது. நான் வாயைத் திறந்தால் வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் கூட்டுவார். மகள் காதில் எதையோ செருகிக்கொள்வாள். நாத்தனார் மட்டும் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "சரி அண்ணி, விஷயத்துக்கு வாங்க" என்பாள். அதுவரை சொன்னதுதான் விஷயம் என்று அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

அந்தச் சமயத்தில்தான் கடிகாரம் பழுதுபார்க்கிறவர் நம் கிளினிக்குக்கு வந்தார். ஈறெல்லாம் வீக்கம், பல் தேய்த்தால் ரத்தம். நீங்கள் சுத்தம் செய்துவிட்டு, ஈறின் இடுக்குகளில் வாரம் ஒருமுறை மருந்து ஜெல் வைக்கச் சொன்னீர்கள். நான்கு வாரம் போதும் என்றீர்கள். வைக்கிற வேலை உதவியாளரான என்னுடையது. மழுங்கின முனை சிரிஞ்சால் ஜெல்லை இறக்கி, இரண்டு கன்னத்திலும் பஞ்சை அடைத்து, "பத்து நிமிஷம் அப்படியே இருங்க" என்பேன். அவரும் இருப்பார்.

சும்மா ஏன் நிற்பது என்று என் தங்கை கல்யாணக் கதையை ஆரம்பித்தேன். மாப்பிள்ளையின் சித்தப்பா கோபித்துக்கொண்டு கிளம்பின இடத்தில் அவர் புருவம் உயர்ந்தது. இருபத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் எனக்காக ஒரு புருவம் உயர்ந்ததில்லை.

மூன்றாவது வாரமே ஈறு ஆறத் தொடங்கிவிட்டது. கதையில் இன்னும் மாலைகூட மாற்றவில்லை.

அதனால் சிரிஞ்சிலிருந்த மருந்தைக் கொட்டிவிட்டு, நோயாளிகளின் உதட்டில் தடவ வைத்திருக்கும் வெறும் வழவழப்பு ஜெல்லை நிரப்பினேன். கெடுதலான பொருள் எதையும் வைக்கவில்லை. நல்ல பொருள் எதையும் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

நான்கு வாரம் பதினான்கு மாதமாயிற்று. நீங்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டீர்கள். மூன்று முறை சர்க்கரைப் பரிசோதனைக்கு அனுப்பினீர்கள். அவர் வெற்றிலைபாக்கை விட்டார், பிறகு சிகரெட்டை விட்டார். அந்த வகையில் அவர் உடம்புக்கு நல்லதுதான் செய்திருக்கிறேன். கீழ்வரிசையில் இரண்டு பல் ஆடி, பிடுங்க வேண்டியதாயிற்று. அன்றைக்குக் கதையில் சிரிப்பான பகுதியாகப் பார்த்துச் சொன்னேன்.

பிறகு எனக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு மாதம் வரவில்லை. நீங்களே உங்கள் கையால் ஜெல் வைத்தீர்கள். நான் திரும்பி வந்தபோது அவர் ஈறு குழந்தையின் ஈறு மாதிரி இருந்தது. இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள்.

செருப்பை மாட்டினவர் திரும்பி என்னிடம் வந்தார். வாயில் பஞ்சில்லாமல் அவர் பேசி அன்றுதான் கேட்டேன்.

"ஏம்மா, கோவிச்சுக்கிட்டுப் போன சித்தப்பா என்ன ஆனாரு? பாதியில விட்டுட்டீங்களே. ஒருநாள் கடைப்பக்கம் வாங்க. டீ குடிச்சுக்கிட்டே பேசலாம்."

கடை இரண்டு தெரு தள்ளித்தான். போயிருக்கலாம்தான். ஆனால் "பேசலாம்" என்றாரே, அதுதான் உறுத்தியது. அங்கே அவருக்கும் வாய் இருக்கும்.

"டாக்டர் இன்னும் நாலு தடவை வைக்கச் சொன்னாங்க" என்று போன் செய்து வரவழைத்தேன். நீங்கள் சாப்பிடப் போகிற நேரமாகப் பார்த்துத்தான். ஆறின ஈறு வெறும் ஜெல்லுக்கெல்லாம் மசியாது. ஆகவே கறை சுரண்டும் கொக்கியை எடுத்து ஒவ்வொரு இடுக்கிலும் லேசாக, ரொம்ப லேசாக, கீறிவிட்டேன். ஆறாவது பல்லில் இருந்தபோது நீங்கள் உள்ளே வந்துவிட்டீர்கள்.

அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்ததைச் சொல்கிறீர்கள். தங்கையை வழியனுப்பிய கட்டம் அது, டாக்டரம்மா. அந்த இடத்தில் யாருக்குத்தான் அழுகை வராது?