சிவப்பு மை படாத கடைசி புரூப்

கொல்கத்தா புத்தகத் தெருவின் கூலி எழுத்தாளர்களும் புரூப் பார்த்து அச்சுப்பிழை திருத்துபவர்களும், எங்கள் மூத்தவர் ஹைமந்தி சிக்தார் அவர்களுக்கு நெஞ்சு கனக்க வாசித்தளிக்கும் மடல்.

பிழைகளின் பெரும்பகையே! பிறர் நூல்களைப் பெற்றெடுத்துப் பெயர் கேளாப் பெருந்தாயே! பேரன்புத் தீதியே, எங்கள் அக்காவே!

“ஓய்வெல்லாம் ஆபீஸ்காரங்களுக்குடா. நமக்குக் கண்ண மூடுறதுதான் ரிட்டயர்மென்ட்” என்று கேலி செய்தவர் நீங்கள். ஆயினும் உங்கள் ஓய்வுக்கு இந்நாளை நாங்களே குறித்தோம். இவ்வறையில் பதிப்பாளர் எவருமில்லை, நம்மவர் மட்டுமே. காரணத்தை மறைத்து வாழ்த்தினால் மடல் பொய்யாகும். பொய்யை நீங்கள் ஒருநாளும் பொறுத்ததில்லையே!

உங்கள் மேசைக்கு எதிரே உட்கார்ந்து நம் நிதாய் கைப்பிரதியை உரக்கப் படிப்பான். நீங்கள் புரூபில் கண்பதித்திருப்பீர்கள். பிசகு வந்தால் மேசையில் ஒரு தட்டு. எழுத்துப் பிசகுக்கு மட்டுமா தட்டினீர்கள்? “சாகப்போற அம்மா இவ்ளோ அழகாப் பேசுவாளா? எழுதின மகராசனப் போயிக் கேளு!” என்று பொய்யான வாக்கியத்துக்கும் தட்டினீர்கள். மழைக்காலத்தில் மகாஎழுத்தாளர்களின் பேனா வறண்டுபோனால், துர்கா பூஜை மலருக்கு அவர்கள் தரவேண்டிய நாவலை நீங்களே எழுதி, அதன் புரூபையும் நீங்களே பார்த்து, மாலை அவர்களுக்கு விழும்போது இங்கே பொரி கொறித்துக்கொண்டிருந்தீர்கள்.

உங்கள் பெயரில் ஒரே ஒரு நாவல். கங்கைப் படகுத்துறையில் டிக்கெட் கிழிப்பவளின் கதை. இந்தக் குளிர்காலப் புத்தகச் சந்தைக்குக் கொண்டுவரப் பதிப்பாளர் புலின் பாபு ஒப்புக்கொண்டார். எழுதியவரே புரூப் பார்க்கக் கூடாது என்பது நம் தொழிலின் முதல் பாடம். “எம்புள்ளைய நாந்தான் குளிப்பாட்டுவேன், போங்கடா” என்று விரட்டிவிட்டீர்கள்.

முதல் புரூப் சிவந்து திரும்பியது. இரண்டாவதும் அப்படியே. “தீதி, இது புரூபா, காளிக்குப் போட்ட செம்பருத்தியா?” என்று புலின் பாபு தலையில் கைவைத்தார். மூன்றாவதில் சிவப்புக் குறிகள் எழுத்தின்மேல் விழாமல் வரிகளுக்கு நடுவே விழுந்திருந்தன. அவசரம் என்று நினைத்தோம். படிப்பதையே பிழைப்பாகக் கொண்ட நாங்கள், ஐயோ, அதைப் படிக்கத் தவறினோம்!

நான்காவது மறுநாளே வந்துவிட்டது. ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. அச்சிடலாம் என்று கையொப்பம் மட்டும். புலின் பாபு மகிழ்ந்து எல்லோருக்கும் சந்தேஷ் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். நிதாய் அதை வாயில் வைக்கவில்லை. உங்கள் கையொப்பம் தலைகீழாக இருந்தது. புரூப் தாள்கட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு போட்டிருந்தீர்கள்.

போன பார்வை போனதுதான் என்று மருத்துவர் எப்போதோ சொல்லிவிட்டாராம். எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று அழுதபோது, “சொன்னா யாருடா வேல குடுப்பா? புத்தகம் வர்றவரைக்கும் வாயத் தெறக்காதீங்க” என்றீர்கள். திறக்கவில்லை. நிதாய் படிக்க, நாங்கள் முறைவைத்து அந்த நாவலைத் திருத்திக் கொடுத்தோம். உங்களளவு நன்றாகச் செய்திருக்க மாட்டோம்.

இன்று காலை புத்தகம் வந்தது. அட்டையில் முதன்முறையாக உங்கள் பெயர். கையில் கொடுத்தோம். முகர்ந்தீர்கள், தடவினீர்கள். பிறகு, “எது மேல்பக்கம்டா?” என்று கேட்டீர்கள். நிதாய் திருப்பிக் கொடுத்தான்.

வழக்கப்படி இம்மடலையும் கண்ணாடிச் சட்டமிட்டுத் தருகிறோம். எதற்கென்று எங்களுக்கே தெரியவில்லை. நாளை முதல் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதும் தெரியவில்லை. எங்களால் முடிந்தது, தினம் ஒருவர் வந்து உங்கள் நாவலை உங்களுக்குப் படித்துக் காட்டுவது. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து படிப்போம்.

குறையா நலமும் நிறைந்த ஆயுளும் பெற்று, மனம் மகிழ்ந்து நீடு வாழ்க, எம் தாயே!

இந்த ஒரு வரிக்கு மட்டும் மேசையைத் தட்டிவிடாதீர்கள், தீதி.

என்றும் உங்கள்,
நிதாய் பொய்ராவும்
புத்தகத் தெருவின் புரூப் மேசைத் தோழர்களும்