புகை வராத வண்டி

டூ-ஸ்ட்ரோக் வண்டி என்றால் லேசாகப் புகைந்துகொண்டே இருக்க வேண்டும், சார். ஆயில் எரிகிற புகை அது, நின்றால்தான் பயப்பட வேண்டும். தாண்டிக்குடியில் இருபது வருஷமாக வண்டி பழுது பார்க்கிறேன், வருகிற ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லித்தான் அனுப்புவேன். என் தம்பி ஜெயமுருகனிடம் மட்டும் சொல்லவில்லை.

எண்பத்தொன்பதாம் வருஷத்து வண்டி என்னுடையது. சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி, சைலன்சரை நானே வெட்டி வெல்டு வைத்தேன். ஆயில் பம்ப் அடிக்கடி மக்கர் செய்ததால் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, பெட்ரோலிலேயே அளவு பார்த்து ஆயில் கலந்து ஊற்றுவேன். பக்கத்தில் இருக்கும் ஆயில் டப்பாவை அழகுக்காக விட்டுவைத்தேன். அதிலிருந்து எஞ்சினுக்கு ஒரு சொட்டும் போகாது. வத்தலக்குண்டிலிருந்து நான் ஏறி வந்தால், ஐந்து வளைவு கீழே இருக்கும்போதே சத்தத்தைக் கேட்டு என் மனைவி கண்மணி குழம்பைச் சூடாக்கிவிடுவாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் விழுந்து வலது முழங்கால் போயிற்று. கிக்கரை மிதிக்க முடியவில்லை. "சும்மாதானே கெடக்கு, தம்பிட்ட குடுத்துருங்க" என்றாள் கண்மணி. போன மாதம் ஆயில் கலந்து டேங்கை நிரப்பிக் கொடுத்தேன். தங்கமான பையன். அன்றைக்கே, "ஏறுங்கண்ணே, ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்" என்று பின்சீட்டைத் தட்டிக் காட்டினான். ஆயில் விஷயத்தைச் சொல்லத்தான் வாயெடுத்திருந்தேன். என் வண்டியில் எனக்குப் பின்சீட்டு. வாயை மூடிக்கொண்டேன்.

நான் கலந்தது நாலு நாள் வந்தது. ஐந்தாம் நாள் பங்கில் வெறும் பெட்ரோல் போட்டான். ஆயிலை அந்த டப்பாவில் நிரப்பி, துணியால் துடைத்தும் வைத்திருந்தான். "என் கைக்கு வந்ததும் புகையே இல்ல, பாத்தீங்களாண்ணே?" என்று சாயங்காலம் சிரித்தான். முதல்முதலாகச் சைக்கிள் ஓட்டிக் காட்டியபோதும் இதே சிரிப்புதான். "நாளைக்கு வெள்ளனே கெளம்பிரு, மேகம் எறங்கிரும்" என்று மட்டும் சொன்னேன்.

காலையில் கடை வாசலில் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வளைவாக இறங்கியது. மூன்றாவது வளைவில் நின்றுபோயிற்று. எஞ்சின் ஜாம் ஆகியிருக்கும், தள்ளிக்கொண்டு வந்து என்னிடமே விடுவான் என்று நினைத்து, அவனுக்கும் சேர்த்து டீ சொன்னேன். டீ ஆறிப்போயிற்று. பள்ளத்திலிருந்து அவனை உயிரில்லாமல்தான் தூக்கினார்கள். இப்போதும் ரோட்டில் எந்த டூ-ஸ்ட்ரோக் சத்தம் கேட்டாலும் எழுந்து நின்றுவிடுகிறேன், சார். எனக்கு இருந்தது ஒரே தம்பி.

எஞ்சின் ஜாம் ஆனால் பின்சக்கரமும் பூட்டிக்கொள்ளும் என்று தெரியாதா என்று கேட்கிறீர்கள். தெரியும். ஒரு நாள் ஆயில் கலக்க மறந்து, அதே மூன்றாவது வளைவில்தான் நானும் விழுந்தேன். மெக்கானிக்கே மறந்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. மழையில் வழுக்கிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அன்றைக்கு, "ஒண்ணுமில்லண்ணே, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே என்னைத் தோளில் போட்டு மேலே தூக்கி வந்தவன் ஜெயமுருகன்தான்.